கோலா தெர்லா வீட்டில் இரண்டு சின்னப் பெட்டிகள்

ஒரு லயத்தில் யாரோ புதிதாக வானொலி வாங்கிவிட்டார் என்ற செய்தி பரவ எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு பாட்டு முடிகிற நேரம் போதும்! பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் பாடினால் அந்தப் பக்கத்தில் தாளம் போடுவார்கள். நம்மில் பலர் அப்படிப்பட்ட வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். அதனால்தான் பாட்டுப் பெட்டி வாங்குவது நமக்கு ஒரு வீட்டு விஷயமாக இருந்ததே இல்லை. வரிசையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்று பாட்டுக்குப் பஞ்சமில்லை. தாத்தா காலத்து இசைத்தட்டில் இருந்ததெல்லாம் பேரனின் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஆனால், அந்தப் பாட்டு வெளியே வருகிற வாய் இருக்கிறதே, அது சுண்டுவிரல் நகத்தளவு! அதில் கேட்டால் நாதஸ்வரத்துக்கும் கொசுவின் ரீங்காரத்துக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க நம் குடும்பங்கள் சில இப்போது வாங்கத் தொடங்கியிருப்பது, ‘புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை. புத்தகம் அடுக்கும் தட்டில் வைத்துவிடலாம் என்பதால் வந்த பெயர். ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம். அப்படி இரண்டு.

விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி, கேட்டால் தலை சுற்றும் தொகை வரை போகிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் அரிசி, பால்மாவு, பள்ளி பஸ், மின் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதில் எடுத்துத்தான் நம்மவர்கள் இதை வாங்க வேண்டும். ஆகவே, ‘நன்றாக இருக்கிறது, வாங்குங்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கோலா தெர்லாவில் ஒரு குடும்பத்தார் அனுமதியோடு, அவர்கள் வீட்டுப் புதிய பெட்டிகளை மூன்று மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதையும், அதையொட்டி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்கிறேன்.

பெரிய பெட்டி சிறிதான கதை

மலாயா வானொலி 1946-இல் தொடங்கியது. அவசரகாலத்தில், அதாவது 1948-க்கும் 1960-க்கும் இடையில், புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் எல்லாரும் கூடிக் கேட்பதற்காகப் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வேலை முடிந்து, குளித்துவிட்டு வந்து, அதன் முன்னால் குந்தியிருந்து கேட்ட தலைமுறை ஒன்று நமக்கு இருந்தது. அதன் பிறகு பேட்டரி டிரான்சிஸ்டர், கேசட், பசார் மாலாமில் வண்ண விளக்குகள் மினுக்கிக்கொண்டு விற்ற ‘மினி காம்போ’ என்று ஒவ்வொன்றாக வந்து போயின.

மேல்நாடுகளில் கதை வேறு. அங்கே வசதியுள்ளவர்கள் வீட்டில், தடித்த ஒலி நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் உடுப்பு அலமாரி அளவுக்குப் பெட்டி தேவைப்பட்டது. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் இதை மாற்றிக் காட்டினார். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் ஆடித்தான் காற்றைத் தள்ளுகிறது. ஆடிய கூம்பைத் திரும்ப இழுத்துக்கொள்ள ஒரு வில் வேண்டும். அதுவரை கூம்பைச் சுற்றியிருந்த விறைப்பான வளையமே அந்த வேலையைச் செய்தது. வில்ச்சர் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தார். உள்ளே சிக்கிய காற்றையே வில்லாக்கினார். மிதிவண்டிப் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள், அது திருப்பித் தள்ளும். அதே சங்கதிதான்! அந்தப் பெட்டிக்கு ஏ.ஆர்.1 என்று பெயர். அலமாரி அளவு வேண்டியிருந்த ஒலி, தூக்கிக்கொண்டு போகிற பெட்டிக்குள் அடங்கியது.

இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வேறு வழியில் செய்யப்பட்டவை. அவற்றில் முன்னாலோ பின்னாலோ ஒரு துளை இருக்கும். காலிப் போத்தலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒலிக்கிறதல்லவா? அந்தத் துளை அப்படித்தான் தடித்த ஒலிக்குத் துணை செய்கிறது. போத்தல் கண்டபடி ஊதாமல் அளவோடு ஊத, பெட்டியையும் துளையையும் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் அந்தக் கணக்கை வகுத்தார்கள். இன்றைக்கும் ஒலிபெருக்கி செய்கிறவர்களுக்கு அதுதான் வாய்ப்பாடு.

வில்ச்சரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறது.

கேட்கப் போன வீடு

பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே கம்போங் ராஜா நோக்கிப் போகும் சாலையில், திரிங்காப்பைத் தாண்டியதும் வருவது கோலா தெர்லா. சரிவெல்லாம் காய்கறித் தோட்டங்கள், அவற்றின் மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள். கீழே தெர்லா ஆறு. மாலையானால் பனிமூட்டம் இறங்கிவிடும். அந்த வீட்டுத் தகப்பனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலை ஆலையில் பணியாற்றியவர். கொழுந்தை உருட்டும் இயந்திரம், காய வைக்கும் அடுப்பு, ஓயாமல் சுழலும் காற்றாடி இவற்றுக்கு நடுவில் அவர் காது உழைத்திருக்கிறது. இப்போது அந்தக் காது களைத்துப்போயிருக்கிறது. வானொலி கேட்பதையே விட்டுவிட்டாராம். சத்தம் வருகிறது, சொல் விளங்கவில்லை என்பது அவர் குறை. விளங்கட்டும் என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, பக்கத்து வீட்டாரோடு மனவருத்தம் வரை போயிருக்கிறது.

ஈப்போவில் வேலை பார்க்கும் மகள், மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி, அப்பாவுக்காக இந்தப் பெட்டிகளை வாங்கி வந்திருக்கிறார். சிம்பாங் பூலாய் சாலை வழியாக மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம்!

பெட்டியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கட்டுரை விளம்பரமாகிவிடும். அதே அளவில், ஏறக்குறைய அதே தன்மையில் பல கம்பெனிகளின் பெட்டிகள் கிடைக்கின்றன. பின்பக்கச் சீட்டில் இருந்ததை மட்டும் குறித்துக்கொண்டேன்: 5 அங்குல வூஃபர், 1 அங்குல ட்வீட்டர், 8 ஓம், 88 டெசிபல், 65 ஹெர்ட்ஸ் முதல். வூஃபர் என்பது தடித்த ஒலிக்கான பெரிய கூம்பு. ட்வீட்டர் மெல்லிய கூரிய ஒலிக்கான சிறியது. தனியாக ஒரு ஆம்பிளிஃபையர், பாட்டு கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக.

முதல் மாலை ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு பெட்டி தொலைக்காட்சி மேசையின் மேல் சுவரோடு ஒட்டி நின்றது. மற்றொன்று மூலையில் சாமி படத்துக்குக் கீழே படுத்துக் கிடந்தது. பாட்டு போட்டதும் மூலையிலிருந்து ‘தொம் தொம்’ என்று ஒரே முழக்கம். பாடகர் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் இருந்தது. தகப்பனார் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, மரியாதைக்காக நன்றாயிருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டார். மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இடம் மாறியதும் குரல் மாறியது

இரண்டாம் மாலை, பெட்டியை விட்டுவிட்டு வீட்டைக் கவனித்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் கூடம். தகரக் கூரை, பலகைச் சுவர், சிமெண்டுத் தரை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி உடனே அடங்கினால் நல்லது. ‘டிங்’ என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் எல்லாப் பாட்டின் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும். இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தரையில் ஒரு பாயும் அதன் மேல் ஒரு கம்பளியும், சன்னலுக்கு ஒரு தடித்த திரையும் போதும். கொடியில் மடிக்காமல் கிடக்கிற துணிகூட ஒலியை உறிஞ்சும். (இதைச் சாக்காக வைத்துத் துணி மடிக்காமல் விட்டால் நான் பொறுப்பல்ல.)

அடுத்தது மூலை. தடித்த ஒலியைச் சுவர் திருப்பி அனுப்பும். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அனுப்பும். அதனால்தான் அந்த முழக்கம். பின்னால் துளையுள்ள பெட்டிக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். தட்டுக்குள்தான் வைத்தாக வேண்டுமென்றால், பெட்டியின் முகம் தட்டின் விளிம்புவரை முன்னே வந்திருக்கட்டும். உள்ளே தள்ளி வைத்தால் தட்டே குகையாகிவிடும்.

இரண்டு பெட்டிக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் நீங்கள் உட்காரும் இடத்துக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கூடத்தில் ஆறடி சரியாக வந்தது. ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால், எந்தக் காது? சோபாவில் உட்காருபவர் காது தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேல். பாயில் சம்மணமிட்டு உட்காருபவர் காது அதைவிட ஓரடியாவது கீழே. அந்தத் தகப்பனார் பாயில் உட்காருகிறவர்! ஆகவே, சமையலறையில் இருந்த இரண்டு குட்டை முக்காலிகள் கூடத்துக்கு வந்தன. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் வைத்தோம், முக்காலி அதிராமல் இருக்க.

இவ்வளவு செய்தும் ஒரு குறை நின்றது. பாடகர் குரல் ஓரிடத்தில் நிற்காமல் கூடமெங்கும் சிதறியது. தடித்த ஒலியும் மெலிந்திருந்தது. பின்னால் பார்த்தால், ஒரு பெட்டியில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறியிருந்தன. அப்படியானால் ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். கம்பியில் நிறம் தெரியவில்லை என்றால் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஆம்பிளிஃபையரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை அதில் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் மேல்முனை தொட்டது சிவப்பு. ஆம்பிளிஃபையர் உள்ளேயே இருக்கும் பெட்டிகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கம்பியை மாற்றியதும் டி.எம்.சௌந்தரராஜன் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நின்றார். இது மாயமல்ல. அந்தக் காலத்துத் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலிப்பதிவு. இரண்டு பெட்டியும் ஒரே ஒலியைத் தருவதால் காது அதை நடுவில் வைக்கிறது. பழைய பாட்டு நடுவில் நிற்காவிட்டால் எங்கோ பிசகு என்று வைத்துக்கொள்ளலாம். இடம், வலம் என்று பிரித்துப் பதியும் ஸ்டீரியோ முறைக்குத் தமிழ்த் திரையிசையில் முன்னோடியாகச் சொல்லப்படுவது, 1978-இல் இளையராஜா இசையில் வந்த ‘ப்ரியா’. சிங்கப்பூரைப் பார்க்கவென்றே நம்மவர்கள் கூட்டமாகப் போன படம்! அந்தப் பாட்டுகளை மூன்றாம் மாலை போட்டபோது கூடத்தின் இந்தக் கோடியில் ஒரு கருவி, அந்தக் கோடியில் ஒரு கருவி. பெட்டிகள் இரண்டும் ஒட்டியபடி நிற்கும் காம்போவில் இது ஒருபோதும் தெரிந்ததில்லை என்றார் அந்த வீட்டம்மாள்.

லகரம், ளகரம், ழகரம்

ஒலிபெருக்கியை எடைபோட மேல்நாட்டுப் பத்திரிகைகள் என்னென்னவோ சோதனை சொல்லும். நமக்கு நம் மொழியே நல்ல தராசு. சீர்காழி கோவிந்தராஜன், பி.சுசீலா போல் எழுத்துச் சுத்தமாகப் பாடுபவர்களின் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக வைத்துக் கேளுங்கள். லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியாகக் காதில் விழுகின்றனவா? ரகரத்துக்கும் றகரத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா? சகரம் ‘ஸ்ஸ்’ என்று எச்சில் தெறிப்பதுபோல் வருகிறதா, அல்லது நாக்கில் அழகாக நிற்கிறதா? இதில் தேறிய பெட்டி மற்றதில் பெரும்பாலும் தேறிவிடும்.

இது நம் கற்பனை மட்டுமன்று. இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1970-களின் நடுவில், வெளியிடங்களில் நிகழ்ச்சி பதியும் வண்டிகளுக்குள் வைப்பதற்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னப் பெட்டியை உருவாக்கியது. உயரம் 30 சென்டிமீட்டர் மட்டுமே. பேச்சுக்குரல் பேசுகிறவரின் குரல்போலவே கேட்க வேண்டும் என்பதில் அதை உருவாக்கியவர்கள் கண்ணாக இருந்தார்கள். அந்தப் பெட்டியால் தரையை அதிர வைக்க முடியாது. ஆனாலும், உலகமெங்கும் அதைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கோலா தெர்லாப் பெட்டிகள் இந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றன. சுசீலாவின் குரலில் பாடுமுன் எடுக்கும் சிறு மூச்சு கேட்டது. நாதஸ்வரம் உரத்து ஒலித்தது, ஆனால் குத்தவில்லை. மலிவுப் பெட்டிகளில் காதைப் பொத்தத் தோன்றும் இடம் அது. தவிலில் வலது கை விரல்கூடுகளின் ‘டக டக’வும் இடப்பக்கக் கோலின் அடியும் இரண்டு ஆள் வாசிப்பதுபோல் பிரிந்து கேட்டன. பழைய ஒலிப்பதிவுகளின் இரைச்சலும் கூடவே தெளிவாகக் கேட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல கண்ணாடி முகத்தின் தழும்பையும் காட்டத்தான் செய்யும்.

எதில் தோற்றது? உருமியில். திருவிழா உருமி மேளத்தின் பதிவு ஒன்றைப் பையன்கள் ஆசையாகப் போட்டார்கள். வளைகோல் தோலில் உரசும் அந்த உறுமலின் நிறம் வந்தது. நெஞ்சுக்கூட்டில் வந்து மோதுமே, அது வரவில்லை. சீட்டில் ‘65 ஹெர்ட்ஸ் முதல்’ என்று போட்டிருந்ததன் பொருள் இதுதான். பாஸ் கித்தாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் ஓர் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், அந்தக் கூடத்தைப்போல் இரண்டு மடங்கு! ஐந்து அங்குலக் கூம்பால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. காது கெட்டிக்கார உறுப்பு, மேலே கேட்கும் கிளை ஒலிகளை வைத்துக் கீழே உள்ளதை ஊகித்துக்கொள்ளும். பாட்டுக்கு அது போதும். உருமிக்குப் போதாது. தனியாக ஒரு ‘சப் வூஃபர்’ வாங்கினால் வருமே என்று பையன்கள் கேட்டார்கள். வரும். பலகைச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் வரும். தடித்த ஒலியை அந்தச் சுவர் தடுக்கவே தடுக்காது. லயத்து வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரே ஒரு வாட்

கடைகளில் ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது. ‘1,000 வாட்’, ‘2,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணிமைக்கும் நேரம்கூட நிலைக்காத கணக்கு அது. அதற்கு ஒரு பொது அளவுமுறையும் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’ என்று போட்டிருக்கும் சிறிய எண்ணை.

அது எவ்வளவு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 88 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு ஒலி. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 6 குறையும், 82. இன்னொரு பெட்டியும் பாடுவதால் 3 கூடும், 85. ஆக, ஆளுக்கு ஒரே ஒரு வாட்டில் 85 டெசிபல்! இது என்ன அளவு தெரியுமா? நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டுத் தொழிலிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு. வீட்டில் கேட்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். அதற்குமேல் 3 டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இப்போது சொல்லுங்கள், ஆயிரம் வாட்டை வாங்கி என்ன செய்வீர்கள்?

பாட்டில் திடீரென்று மேளம் எழும்போது கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும் என்பதால் 20, 30 வாட் இருந்தால் தாராளம். கைப்பேசியில் அளவு காட்டும் செயலிகள் உண்டு, ஏறக்குறையக் காட்டும். அதைவிட எளிது இது: கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லையா, பாட்டு அதிகம்.

இயந்திரச் சத்தம் காதைக் கெடுப்பது எப்படி என்பதும் இங்கே பொருந்தும். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. வயதானாலும் மேல் ஒலிகள்தாம் முதலில் மங்கும். உயிரெழுத்துக்களின் பலம் கீழ் ஒலிகளில் இருக்கிறது. க, ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் நுட்பம் மேல் ஒலிகளில் இருக்கிறது. ‘சத்தம் வருகிறது, சொல் விளங்கவில்லை’ என்று அந்தத் தகப்பனார் சொன்னது ஒரு மருத்துவ உண்மை! அவருக்குத் தேவைப்பட்டது கூடுதல் சத்தமல்ல, கலங்காத சத்தம். முழங்கும் கீழ் ஒலி, மெல்லிய மெய்யெழுத்தை மூடிவிடும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட மூடியும் கனமாகும்.

மூன்றாம் மாலை அவர் பாயில் உட்கார்ந்து, பாட்டில்லாமல் வெறும் பேச்சாக, வானொலிச் செய்தி முழுவதையும் கேட்டார். தொலைக்காட்சிக்கு வைக்கும் சத்தத்தில் பாதிகூட இருக்காது. நடுவில் ஒருமுறை, வாசித்த ஊர்ப்பெயரைத் தவறாகச் சொல்கிறார்கள் என்று குறைகூட சொன்னார். அந்தக் குறை வந்ததே பெரிய விஷயம் என்று மகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். ஆனால், எல்லாச் சொல்லும் விளங்கியது என்று எழுதினால் அது பொய். மகள் சமையலறையிலிருந்து கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. பெட்டி காதுக்கு உதவும், காதாகிவிடாது.

இப்போது வில்ச்சரிடம் வருவோம். சிறிய பெட்டியைத் தந்த அந்த மனிதர், 1967-இல் தம் கம்பெனியை விற்றுவிட்டு எதில் இறங்கினார் தெரியுமா? காது கேளாதோருக்கான கருவியில்! உரத்த ஒலியை மேலும் உரக்காமல், மெல்லிய ஒலியை மட்டும், அதுவும் மேல் ஒலி, கீழ் ஒலி என்று பிரித்துத் தூக்கிக் கொடுக்கும் முறையை ஆராய்ந்து 1973-இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை எடுத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய காது கருவிகள் பெரும்பாலும் அந்த வழியில் வேலை செய்பவை. 2011-இல், 94 வயதில் காலமானார்.

ஆகவே, வீட்டில் பெரியவர்கள் சத்தத்தைக் கூட்டச் சொன்னால், ஸ்பீக்கர் வாங்குமுன் அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். செவித்திறன் சோதனைக்கு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆலை இயந்திரம், கொழுந்து வெட்டும் மோட்டார், புல் வெட்டும் இயந்திரம் இவற்றில் வேலை பார்த்து வந்த குறை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேலையிடச் சத்தத்தால் வரும் செவிக்குறை, சொக்சோ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. இன்னும் வேலையில் இருப்பவர்கள், காதடைப்பான் கொடுத்தால் சட்டைப் பையில் வைக்காமல் காதில் வையுங்கள்.

மலைக்காற்றும் மழையும்

நம் மலையில் பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சில தனிக் கவலைகள். ஈரம் முதலாவது. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் பஞ்சுபோன்ற நுரையால் ஆனதா, ரப்பரா என்று விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரை இந்த ஈரத்தில் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் நெடுநாள் தாங்கும். (பால்மரத்து ரப்பர் என்று பெருமைப்பட வேண்டாம், பெரும்பாலும் செயற்கை ரப்பர்.) பழைய பெட்டியை மலிவாக வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். காகிதக் கூம்பில் வெள்ளைப் பூசணம் படிந்தால் உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தெடுங்கள், தண்ணீர் வேண்டாம். மாதக்கணக்கில் மூடி வைப்பதைவிடத் தினமும் கொஞ்சம் பாட விடுவது நல்லது.

புதுப் பெட்டி ‘பழக’ ஐம்பது, நூறு மணி நேரம் ஆகும் என்று சிலர் சொல்வார்கள். வளையம் சற்று இளகும் என்பது உண்மைதான். ஆனால், பெரும்பாலும் பழகுவது நம் காதுதான். கடைக்காரர் இதைச் சொல்லித் திருப்பி எடுத்துக்கொள்ளும் நாளைக் கடத்தப் பார்த்தால் இடம் கொடுக்காதீர்கள்.

மத்தியான இடிமழை வரும்போது ஆம்பிளிஃபையரின் சுவிட்சை அணைத்தால் போதாது, செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் தகரக் கூரையில் விழும் மழையோடு போட்டி போட்டுக்கொண்டு பாட்டைக் கூட்டவும் வேண்டாம். மூன்றாம் மாலை அப்படித்தான் கொட்டியது. செருகியைப் பிடுங்கிவிட்டு, மழை விடும்வரை தேநீர் குடித்தபடி உட்கார்ந்திருந்தோம்.